தேர்வுக்கு வராத பாடம்

புதன், கடைசிப் பாடவேளை. திடலிலிருந்து வந்து
வியர்வை காயாத சட்டையோடு உட்கார்ந்திருந்தோம்.
"தேர்வுக்கு வருமா, சார்?"
ஜுன் காய்தான் கேட்டான்.
வராது என்றதும்
பாதி வகுப்பு கணக்குப் பயிற்சித்தாளை வெளியே எடுத்தது.

திரு ஃபைசால் மேசைமேல்
ஒரு குவளை பபிள் டீயை வைத்தார்.
பக்கத்தில், தட்டில், கரண்டி கரண்டியாய்ச் சீனி.
ஒன்பது. பத்து. பதினொன்று.
"இன்னும் போடுங்க சார்!"
கைதட்டினோம். நானும்தான்.

நீரிழிவு முற்றினால் எந்த உறுப்பு முதலில் கெடும்?
"மூளை" என்றது ஒரு குரல். சிரிப்பு.
எனக்குத் தெரியும்.
செவ்வாய், வியாழன், சனி
தெக் வாய் நிலையத்தில் நாலு மணி நேரம்.
அப்பாவின் இடக்கையில் கயிறாய்ப் புடைத்த நரம்பு,
தொட்டால் பூனைபோல் குர்ரென்னும்.
கையை மேசைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

மணி அடித்தது.
"ஓவியா, கொஞ்சம் பிடி" என்றார்.
தட்டைப் பிடித்தேன்.
குப்பைத்தொட்டிக்குள் மழைபோல் சத்தம்.

சுவா சூ காங் ரயில் நிலையத்தருகே
வழக்கமான வரிசை, வழக்கமான கடை.
"சீனி எவ்வளவு?"
வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை.
"ஐம்பது சதவீதம்" என்றேன்.

ஜுன் காய் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.