வெள்ளிக்கிழமைக்குள்

குளிர்பெட்டிக் கதவில் தாள்.
வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும்,
இல்லாவிட்டால் நாயைக் கொண்டுவந்து விட வேண்டும்
என்று காப்பகத்தில் சொல்லியிருக்கிறார்கள்,
கோபமில்லாமல், நூறு பேரிடம் சொல்லித் தேய்ந்த குரலில்.

டயர் கடை வாசலில் கிடைத்ததால்
துவெர்கா என்று பெயர். நட்டு.
மூன்று பருவம் முயல் துரத்திவிட்டு
நான்காவதில் பின்தங்கிய வேட்டைநாய்.
விலா எலும்பை எண்ணலாம்; எண்ணியிருக்கிறேன்.
கண்ணைச் சுற்றி முடி கொட்டி,
யாருடைய மூக்குக்கண்ணாடியையோ
கடன் வாங்கிப் போட்டதுபோல் ஒரு முகம்.

மணல் ஈ கடித்து வந்த நோய்.
மருத்துவர் ஒப்தூலியா மழுப்பவில்லை.
"தீராது. அடங்கும்.
அடங்கிவிட்டது என்று நீங்கள் நினைக்கிற வாரம்
திரும்பத் தலையெடுக்கும்."
காலை எட்டுக்கு ஒன்று, இரவு எட்டுக்கு ஒன்று,
ஆயுசு முழுக்க.
ஈரல் ஆகாது, மத்தி மீன் ஆகாது, கல் கட்டும்.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் பார்க்க வேண்டும்.

நான் விடுதிகளின் படுக்கைவிரிப்புகளை
இஸ்திரி போடுகிறவள்.
ஓர் இரத்தப் பரிசோதனை
நூற்று எழுபது விரிப்பு.
ஆவியில் நின்றுகொண்டு இதைத்தான் கணக்குப் பார்க்கிறேன்,
விரிப்பு மடிய மடிய.

"கொண்டுபோய் விட்டுவிடலாம், அது நமக்குக் கட்டாது"
என்கிறான் ஹினேஸ்.
சொல்வதும் அவன்தான்,
மின்தூக்கி இல்லாத இந்தக் கட்டடத்தில்
மூன்று மாடி அதைத் தோளில் போட்டு ஏறுவதும் அவன்தான்.
கூட்டி வந்த நான்
பையை மட்டும் தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறேன்.

ஒன்பதாம் நாள் விடியற்காலை
கம்பளத்தில் மூத்திரம், மூன்றாவது தடவை.
முழங்காலிட்டுத் துடைக்கும்போது நினைத்தேன்:
தூக்கத்திலேயே இது போய்விட்டால்
கையெழுத்துத் தேவைப்படாது.
அது வாலை ஒருமுறை தரையில் தட்டியது.
நான் ஏதோ பேசியதாக நினைத்திருக்கும்.

ஹினேஸுக்குத் தெரியாத ஒன்று.
லா மஞ்சா சமவெளியில் எங்கள் ஊரில், எனக்கு ஏழு வயது,
பருவம் முடிந்த பிப்ரவரி ஞாயிறு,
அப்பா இரண்டு நாயோடும் ஒரு கயிறோடும்
பைன் தோப்புக்குப் போனார்.
திரும்பும்போது நாயும் இல்லை, கயிறும் இல்லை.
கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.
தட்டில் பருப்பும் பன்றி எலும்பும்.
நானும் சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினேன்.

அதற்காக இதை வைத்துக்கொள்வதா?
ஒரு நாயின் பாக்கிக்கு இன்னொரு நாயை
வரவு வைக்க முடியுமா?
இதற்கு அப்பாவைத் தெரியாது.
இதற்குத் தெரிந்ததெல்லாம்
கம்பளத்தில் வெயில் விழும் மூலை.

வியாழன் இரவு. வேலை முடிந்து வந்து
காலணியோடு தூங்கிவிட்டேன்.
பதினொரு மணிக்கு விழித்தால் சமையலறையில் வெளிச்சம்.
ஹினேஸ் குப்புறப் படுத்துத்
துடைப்பக் கட்டையைக் குளிர்பெட்டிக்கு அடியில் விட்டுத்
துழாவிக்கொண்டிருக்கிறான்.
பக்கத்தில் அதுவும் குப்புறப் படுத்து
ஆவலாய்ப் பார்க்கிறது.

"மாத்திரையைத் துப்பிவிட்டது."
"நாளைக்குத்தான் கொண்டுபோய் விடப்போகிறோமே."
"அது நாளைக்கு. இது எட்டு மணிக்குப் போட வேண்டியது."

வந்தது ஒன்றல்ல. நான்கு.
தூசியும் ஒரு காய்ந்த பட்டாணியும் ஒட்டிக்கொண்டு நான்கு.
"அடி கள்ளி," என்றான்,
"நாலு வேளையாக என்னை ஏய்த்திருக்கிறாள்!"

நான்கையும் தரையில் வரிசையாக வைத்தான்.
காலையில் ஒப்தூலியாவிடம் கேட்க வேண்டும்,
மறந்துபோகும், எழுதி வைக்கணும், பேனா எங்கே என்றான்.
பேனா இருந்தது. தாள்தான் இல்லை,
கதவில் ஒட்டியிருந்த ஒன்றைத் தவிர.

கையெழுத்துக்கு விட்டிருந்த கோட்டின் மேல்
அவனுடைய கோணல் எழுத்து:
நாலு தவறிவிட்டது. இனி எப்படிக் கொடுக்க?