முந்நூற்று முப்பது கிராம்

போரா காற்று வீசும் நாளில்
திரியெஸ்தேயில் யாரும் கடைக்கு வருவதில்லை.
குப்பைத்தொட்டிகள் தாமாகவே தெருவைக் கடக்கும்,
குடைகள் வேறு யாருடையதோ ஆகிவிடும்.
அன்றைக்குத்தான் அவள் வந்தாள்,
கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு,
இடக்கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுக்காமல்.

படிக்க ஒரு டேப்லெட் வேண்டும், என்றாள்.
கொஞ்சம் ஆப், கொஞ்சம் இணையம்.
மற்றபடி படிக்க.

வந்தவரை வாசலிலேயே எடை போடுவது என் தொழில்.
அறுபதைத் தாண்டிய வயது, பழைய காலணி,
பேரம் பேசுவாள், கடைசியில் மலிவானதை வாங்குவாள்
என்று போட்டு வைத்துக்கொண்டு
பெரிய திரையிலிருந்து ஆரம்பித்தேன்.
பிக்சல், பிராசசர், எத்தனை ஜிபி,
இருட்டில் கண்ணை உறுத்தாத வெளிச்சம்.
மனப்பாடமான ஜெபம் அது,
நடுவில் மூச்சு விடும் இடம்கூட எனக்குத் தெரியும்.

எவ்வளவு எடை?

பெட்டியில் இருந்ததை வாசித்தேன்.
அச்சிட்டதை நான் நம்புவதில்லை, என்றாள்.
முப்பத்தோரு வருஷம் துறைமுகக் கிடங்கில்
காப்பி மூட்டை நிறுத்தவள்.
சாக்கில் அறுபது கிலோ என்றுதான் இருக்கும்,
கடல் அதில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று
தராசுதான் சொல்லும்.

ரிப்பேர் மேசையிலிருந்து தபால் தராசைக் கொண்டுவந்தேன்.
உறையோடு எழுநூற்றுப் பதினான்கு.
உறையைக் கழற்றி, நானூற்று எண்பத்தெட்டு.
உதட்டைப் பிதுக்கினாள்.
அதை வலக்கையால் மட்டும் எடுத்து
முகத்துக்கு நேரே பிடித்தபடி நின்றாள்.
நின்றுகொண்டே இருந்தாள்.
ஐந்து நிமிஷம். எட்டு.
மணிக்கட்டு நடுங்கத் தொடங்கியது.

நாற்காலி தரட்டுமா? இரண்டு கையாலும் பிடித்தால்…

அந்தக் கைக்கு வேறு வேலை இருக்கும், என்றாள்.
செவ்வாய், வியாழன், சனி. நாலு மணி நேரம்.
இரண்டு ஊசி. ரத்தம் வெளியே போய்க் குளித்துவிட்டு வரும்.
அசைத்தால் மெஷின் கத்தும்,
நர்ஸ் ஓர்னெல்லா அதைவிடக் கத்துவாள்.
தடித்த நாவல் ஒன்றைப் பக்கம் புரட்டப் போய்
அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.
பிறகு ஒரு கை மட்டும் ஓடியது.
இன்னொன்றை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு
கடையில் இருந்த ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன்.
ஆறு வருஷமாக விற்கிறேன் இவற்றை.
தேடும் கட்டம் மேல் மூலையில்,
கட்டைவிரலுக்கு எட்டாத ஊரில்.
மெல்லிய விளிம்பு அழகுதான்,
பிடித்தால் விரல் எழுத்தின் மேல் விழுந்து
கதை அடுத்த அத்தியாயத்துக்குத் தாவிவிடுகிறது.

ஒன்று அலமாரி அடியில் கிடந்தது.
போன வருஷத்தது, முதுகில் கீறல்,
அசிங்கம் என்று நாங்களே சிரித்த அகல விளிம்பு.
தராசில் முந்நூற்று முப்பது.
அவள் கட்டைவிரல் அந்த விளிம்பில் போய் உட்கார்ந்தது,
பூனை தன் இடத்தில் உட்காருவதுபோல.
பன்னிரண்டு நிமிஷம் பிடித்திருந்தாள்.
நடுங்கவில்லை.

சரி, ஒரு கை பார்த்துவிடலாம், என்றாள்.

ரத்தக் கணக்குச் சொல்லும் ஆஸ்பத்திரி ஆப்பை
நானே இறக்கித் தந்தேன்.
முதல் பக்கத்தில் வைக்காதே, என்றாள்.
மூன்றாவதில் வை. தேடிப் போனால்தான் தெரிய வேண்டும்.
இணையத்தில்?
எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று காட்டுமாமே.
காட்டியது. நீலத்தில் சின்னச் சின்ன அம்புகள்.
ஒன்றைத் தொட்டாள்.
சாந்தோஸிலிருந்து கிளம்பி ஒன்பது நாள்.
காப்பியாகத்தான் இருக்கும், என்றாள்,
திரையை மூக்கருகே கொண்டுபோய்.

உத்தரவாதச் சீட்டில் நீவெஸ் ஸ்குலின் என்று எழுதினாள்.
கீறலுக்குப் பதினைந்து யூரோ குறைக்கச் சொன்னாள்.
பேரம், மலிவு. நான் போட்ட எடையில்
அந்த இரண்டு மட்டும் தப்பவில்லை.

வெளியே காற்று இன்னும் அடங்கவில்லை.
பொட்டலம் வலக்கையில், இடக்கை பைக்குள்.
கதவை நான் பிடித்துக்கொண்டேன்,
இரண்டு கையாலும்.