இரண்டு சுற்று குட்டை

வில்லிஸ்டனில் இன்று மைனஸ் இருபத்தெட்டு.
மேசைமேல் பழைய குளியல் துண்டை விரித்தேன்.
தோட்டா எல்லாம் கராஜில்,
நடுவில் கதவு சாத்தியிருக்கிறது.
குழலறையைக் கண்ணால் பார்த்தேன்,
சுண்டுவிரலை விட்டும் பார்த்தேன். காலி.
பிறகு, நம்பிக்கையில்லாமல், இன்னொரு முறை.

போன செவ்வாய் சுடுதளத்தில்
பக்கத்துத் தடத்து ஹால்வரின் தொப்பி விளிம்பில்
என் பித்தளை உறை ஒன்று
சூட்டோடு போய் உட்கார்ந்துகொண்டது.
"ஆறடியில் விழவேண்டியது
என் காபியைத் தேடி வருகிறது, சோல்வேக்.
ஓய்ந்துவிட்டது."
"ஸ்பிரிங்கா, நானா?" என்றேன்.
அவர் தொப்பியைத் தட்டிக்கொண்டார்.

பதினோரு டாலர். தபாலோடு பதினாறு.

பழையதையும் புதியதையும்
துண்டின் மேல் பக்கம் பக்கமாகக் கிடத்தினேன்.
பழையது இரண்டு சுற்று அளவுக்குக் குட்டை.
எண்ணினால் சுற்றுகள் அதே கணக்குதான்.
நீளம் மட்டும் எங்கேயோ போயிருக்கிறது,
திருடு போனது மாதிரியும் இல்லை,
கொடுத்து முடித்தது மாதிரி.

அமுக்கியே வைத்தால் தளர்ந்துவிடும் என்பார்கள்.
அப்படியில்லை என்றார் ஹால்வர்:
நல்ல எஃகு அமுங்கிக் கிடக்கும், கேட்காது.
போவதும் வருவதும்தான் தேய்க்கும்.

வெண்டல் பதினான்கு நாள் எண்ணெய்க் கிணற்றில்,
பதினான்கு நாள் வீட்டில்.
பதினோரு வருஷமாக.
இதை நான் யோசிக்க உட்காரவில்லை.
ஊசி ஸ்பிரிங்கைக் கழற்றத்தான் உட்கார்ந்தேன்.

பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கழற்று என்று
சொல்லியிருந்தார்தான்.
டிங்.
அலமாரியில் ஒரு முறை, பிறகு எதுவுமில்லை.
டீசல் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது,
நான்தான் குரைத்தேன் என்பது போல.

டார்ச்சோடு தரையில் படுத்தேன்.
குளிர்பெட்டிக்கு அடியில்
நாய் பிஸ்கட் இரண்டு,
நீலக் காந்த எழுத்து ஒன்று,
வெண்டலின் ஆரஞ்சுக் காதடைப்பான், இடது காதுடையதோ வலதோ,
அவன் விரல் நசுக்கிய வடிவம் இன்னும் அதில்.
ஸ்பிரிங் இல்லை.

அரை மணி கழித்து முட்டை பொரிக்கப் போனேன்.
இரும்புச் சட்டியில் உறைந்த பன்றிக் கொழுப்பின் நடுவே
நேராகக் குத்தி நின்றது,
பிறந்தநாள் மெழுகுவத்தி கணக்காக.
சிரிக்க ஆளில்லாமல் சிரித்தேன்.

துடைத்து, எண்ணெய் ஒரு சொட்டு, எல்லாம் உள்ளே.
புதியது முரடு.
ஸ்லைடை இழுத்துவிட்டதும்
கட்டைவிரல் சதையைக் கவ்விக்கொண்டு
வீட்டுக்கு ஓடுவது போல் ஓடி மூடியது.
நகத்தோரம் ரத்தம் கட்டிவிட்டது.
நல்லது, வேலை செய்கிறது.

தொலைபேசி.
பாதை மூடிவிட்டார்கள், இன்னும் மூன்று நாள் என்றான்.
பின்னால் ஜெனரேட்டர் இரைச்சல்.
"என்ன பண்ணுகிறாய்?"
"விரலை நசுக்கிக்கொண்டேன்."
"எந்த விரல்?"
அதை மட்டும் கேட்டான்,
சொன்ன பிறகும் லைனில் இருந்தான்.

பழையதை உறையில் போட்டு 'பழையது' என்று எழுதினேன்,
கலந்துவிடக் கூடாதே.
நோட்டில்: தேதி. அடுத்த மாற்றல், மூவாயிரம் சுடுதலில்.
கோடு போட்டு மூடப் போனவள்
பேனாவை எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.
காகிதத்தில் மை ஊறிப் பரவியது.

வெளியே பனி வழிக்கும் வண்டியின் மஞ்சள் விளக்கு
சுவரில் ஒரு சுற்று வந்து போனது.
காதடைப்பானைக் கழுவி
ஜன்னலோரம் காய வைத்திருக்கிறேன்.
நசுங்கினது மெல்ல உப்பிக்கொண்டிருக்கிறது.