கூட்டுப் பட்டா

ரத்தச் சீட்டைக் கையில் வாங்கிப் படித்தபோது
வில்லங்கச் சான்று போலத்தான் இருந்தது.
முப்பது வருடமாக ஊரார் மண்ணுக்கு
ஆதாரம் எழுதிய கை இது.
எனக்கே எனக்கான ஐந்தரை அடிக்கு
ஒருமுறைகூட வில்லங்கம் போட்டுப் பார்க்கவில்லை.
சர்க்கரை இருநூற்றுப் பன்னிரண்டு.
இரணியலில் என் எழுத்தறைக்குப் படிகள் பதினெட்டு.
பதினொன்றில் நின்று
செல்போன் பார்ப்பதுபோல் நடிப்பேன்.

திங்கள்சந்தையில் டயர் கடை மாடியில் ஜிம்.
“வயிற்ற விடுங்க சாரே,
முதல்ல முதுகு நிமிரட்டும்” என்றான் ஜினீஷ்.
வெறும் கம்பியே இருபது கிலோ.
அதைத் தரையிலிருந்து எடுத்த அன்றிரவு
கொசுவலை கட்டக் கை மேலே போகவில்லை.

அப்புறம் ஆசை பிடித்தது.
காலையில் இரும்பு. மாலையில் ஓட்டம்,
மண்டைக்காட்டு மணலில், ஏ.வி.எம். கால்வாய்க் கரையில்.
மூன்றாம் வாரம் தொடை கல்லாகிவிட்டது.
தூக்கவும் வரவில்லை, ஓடவும் வரவில்லை.
பாகம் பிரியாத தோப்பில் அண்ணனும் தம்பியும்
ஒரே கிணற்றில் ஒரே நேரம்
மோட்டார் போட்ட கதைதான்.

ஜினீஷ் பழைய பில் புத்தகத்தைத் திருப்பி
பாகப்பிரிவினை எழுதித் தந்தான்.
திங்களும் வியாழனும் இரும்புக்கு.
செவ்வாயும் சனியும் ஓட்டத்துக்கு,
அதுவும் பேச முடிகிற வேகத்தில் மட்டும்.
ஒரே நாளில் இரண்டும் மோதினால் இரும்புக்கே முன்னுரிமை.
ஞாயிறு புறம்போக்கு;
யாரும் மண்வெட்டியோடு இறங்கக் கூடாது.

தனியாக ஓடுகிறவன் யாரிடம் பேச?
தெரிந்ததைச் சொல்லிக்கொண்டு ஓடினேன்:
வடக்கே ஞானாபரணம் வகை தென்னந்தோப்பு,
கிழக்கே பொதுவழி,
தெற்கே கடல்,
மேற்கே…
அங்கே மூச்சு முட்டினால்
வேகம் கூடிவிட்டதென்று அர்த்தம்.
இடவப்பாதி மழை ஓய்ந்த ஒரு சனிக்கிழமை
நான்கெல்லையும் தடங்கலில்லாமல் சொல்லி முடித்தேன்.
சாட்சி: ஒற்றைக்காலில் ஒரு கொக்கு.

வியாழக்கிழமை, பஸ் ஸ்டாப்பில்
மிக்கேலம்மாள் மீன் சட்டியைக் காட்டி
“ஒரு கை பிடியும் சாரே” என்றாள்.
இன்னொரு கைக்குக் காத்திருக்கவில்லை நான்.
இடுப்பை மடக்கி, முதுகை நிமிர்த்தி
ஒற்றையாளாகத் தூக்கி அவள் சும்மாட்டில் வைத்தேன்.
“கொள்ளாமே! ஒமக்கு சுகமில்லன்னுல்லா சொன்னாவ?”

பெருமை யாரை விட்டது?
பளுவும் ஓட்டமும் சேர்ந்தால்தான்
சர்க்கரை இறங்கும், எலும்பு நிற்கும்,
சதை வளர்வது தூக்குகிற நாளிலல்ல,
சும்மா இருக்கிற நாளில் என்று
ஜினீஷ் சொன்னதெல்லாம் அவளுக்குச் சொன்னேன்.

தலையில் முப்பது கிலோ சாளையோடு
அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.
“இருபத்தெட்டு வருசமா தூக்குதேன். நடக்கவும் செய்யுதேன்.
முட்டுல ரெண்டு ஊசி போட்டாச்சு.
எனக்கு ஏன் சாரே வளரல்ல?”

ஞாயிறு, என்று இழுத்தேன்.

“ஞாயிறு கடலுக்கே லீவுதான்.
பூசை முடிஞ்சா நான் நெத்தோலி காயப் போடணும்.”

பஸ் வந்தது.
சட்டி நாறுகிறதென்று கண்டக்டர் ஏற்றவில்லை.
அவள் நடந்தாள்.
கூடவே பேசியபடி போகலாமென்று
மார்க்கெட் திருப்பம்வரை எட்டிவைத்தேன்.
வடக்கெல்லைகூட வாயில் வரவில்லை.

இப்போது நூற்று நாற்பத்தொன்று.
பதினெட்டுப் படியும் செல்போன் பையிலேயே இருக்க ஏறுகிறேன்.
வில்லங்கம் தீரவில்லை, குறைந்திருக்கிறது.

இன்று ஞாயிறு.
சுவரில் காலைத் தூக்கிவைத்துப் படுத்திருக்கிறேன்.
என் தொடைக்குள் என்னவோ சத்தமில்லாமல் வளர்கிறது.
கொட்டில்பாட்டு மணலில் இந்நேரம்
மடங்காத முட்டோடு குனிந்து
நெத்தோலியைப் புரட்டிப் போடுவாள்,
வெயில் மறுபக்கமும் படட்டுமென்று.