சில்லறை

ஆவணத்தில் அதற்கு நீளமான பெயர்.
எங்களுக்குக் கண்ணு.
ராஸ் அல் கைமா கொட்டகையில் நிற்கும்
சின்ன விமானத்தின் அடிவயிற்றில்
தர்பூசணி அளவில் ஒரு கறுப்பு உருண்டை.
கடலில் எவன் எண்ணெய் கொட்டுகிறான் என்று
பார்ப்பது அதன் வேலை.

முன்னே பார்க்கையில் அசையாது.
பக்கவாட்டில், பொறுத்துக்கொள்ளலாம்.
திரும்பிப் பின்னே பார்த்தால்தான்
குளிர்ஜுரம் கண்டதுபோல் உதறும்.
‘இதை வைத்துக் கவிதை எழுதிவிடாதே, ஜெசிந்தா’
என்றான் ரோடெல்.
சரி என்றேன்.

ஐம்பது துண்டு கம்பளி நூல் ஒட்டிப்
பறக்கவிட்டுப் படமெடுத்தோம்.
முன்பாதியில் நூல்கள்
எண்ணெய் வைத்து வாரிய தலை.
பின்பாதியில்
பாதித் தூக்கத்தில் எழுப்பிய பிள்ளை.
வளைவில் வழுக்கி வந்த காற்று
ஒட்டிக்கொள்ள இடமின்றி
இடப்பக்கம் ஒரு சுருள், வலப்பக்கம் ஒரு சுருள்,
மாற்றி மாற்றி அறைந்துகொண்டிருந்தது,
நொடிக்கு நாற்பத்தேழு தரம்.

அடிப்பிடியைத் தடியாக்கு என்றார் மேலாளர்.
எடைக்கணக்கு இடம் தரவில்லை.
ஜெர்மனியிலிருந்து வரவேண்டிய முள்வரிசை
ஜெபல் அலி சுங்கத்தில் கிடந்தது.
தொழிற்பேட்டையில் குல்ஸாரின் சைக்கிள் கடைக்குப் போய்
ஒன்பது ஆரக்கம்பி வாங்கினேன்.
‘எந்தச் சக்கரத்துக்கு?’
‘சக்கரத்துக்கு இல்லை, காற்றுக்கு.’
இரண்டு திர்ஹம் குறைத்துக்கொண்டார், பரிதாபப்பட்டு.

உருண்டைக்குச் சற்று முன்னே
சீப்புப்பல்போல் நட்டோம்.
காற்று நிற்கவில்லை. குறையக்கூட இல்லை.
ஐந்நூறு திர்ஹம் நோட்டாக வந்து விழுந்தது
இப்போது ஃபில்ஸ் ஃபில்ஸாக வருகிறது,
அவ்வளவுதான்.
சில்லறையை வீசி யாரையும் சாய்த்துவிட முடியாது.
வரைபடத்தில் நாற்பத்தேழில் நின்ற கோபுரம்
புல்லாய்ப் படிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை, நடுக்கடல் மேலே,
கண்ணைப் பின்னால் திருப்பினோம்.
ஒரு டேங்கர்.
வாலில் நான்கு மைலுக்கு வானவில் படலம்.
பெயரைப் பெயின்ட் அடித்து மறைத்திருந்தார்கள்.
பெயின்டுக்கு அடியில் வெல்டு எழுத்துகள்
ஒவ்வொன்றாய் மேடு தட்டின.
ரோடெல் கைதட்டினான்.

பின்தளத்தில் ஒருவன்
வாளியில் பனியன் அலசிக்கொண்டிருந்தான்.
கொட்டியது அவனில்லை என்று எழுத
அறிக்கைப் படிவத்தில் கட்டம் இல்லை.
முறுக்கிப் பிழிந்தான்.
சொட்டு விழுவதுகூடத் தெரிந்தது,
அத்தனை நிதானமாய்.