ஒன்பது வோல்ட்

காண்ட்ஸிக்கு வடக்கே
கோமாரி நோய்க்குப் போட்ட வேலி.
அதன் கேட்டில் எனக்கு இரவுப் பணி.
லாரியை நிறுத்துவேன்,
குளிர்பெட்டியைத் திறக்கச் சொல்வேன்.
பச்சை இறைச்சி இந்தப் பக்கமே நிற்கும்.
சிலர் கெஞ்சுவார்கள். சிலர்
அங்கேயே தீமூட்டிச் சுட்டுத் தின்றுவிட்டு
ஏப்பத்தோடு கடந்து போவார்கள்.
எதை விடுவது, எதை விடக்கூடாது,
போட்ஸ்வானா அரசு எனக்குச் சம்பளம் தருவது
அதற்குத்தான்.

என் கிட்டாருக்கு அந்தப் பயிற்சி இல்லை.
பழைய பிக்கப்.
காந்தத்தின் மேல் ஆயிரக்கணக்கில் செம்புச் சுற்று,
அண்டை வீட்டுச் சண்டைக்கு ஜன்னல் திறப்பதுபோல்
எல்லாவற்றையும் கேட்கும்.
ஜெனரேட்டரை. டியூப்லைட்டை.
டிரம்மர் கோஃபாவோனேவின் பைக்குள் அதிரும் போனை.
கெயினைக் கொஞ்சம் திருப்பினால் போதும்,
ரிஃப்புக்கு முன்னாலேயே
வண்டுக்கூட்டம் மேடையேறிவிடும்.
கம்பியைத் தொட்டால் அடங்கும்.
கையை எடுத்தால் மறுபடி.
பதினோரு வருடம் இப்படி.
நான் தொட்டு அமைதியான பொருள்
வேறொன்றும் என்னிடம் இல்லை.

"ஆக்டிவ் போட்டுவிடு" என்றான் ஓராபிலே,
எங்கள் பாஸ்.
நாற்பது டிகிரியில் தோல் கோட்டு, கௌபாய் தொப்பி,
ஒரு சொட்டு வியர்வை இல்லை
(பொய். வியர்க்கும். ஒப்புக்கொள்ள மாட்டான்.)
"உள்ளங்கையால் அமுக்கி அடி,
ஒவ்வொரு அடியும் எலும்பில் இறங்கும் கோடாலி.
அடிக்கும் அடிக்கும் நடுவே
சுத்தமான ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லைதான் மெட்டல்."

ரேடியோ ரிப்பேர் மோலோகியின் கணக்கு வேறு.
சுற்று குறைவு, காந்தம் மெலிவு,
தானாகப் பேசினால் முணுமுணுக்கும்.
கூடவே ஒரு குட்டி ஆம்ப் உட்கார்ந்து
அதைத் தூக்கிவிடும்.
அதற்குத் தீனி, ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி.
"ஒன்றை மட்டும் மாற்றினால்?
கழுத்துப் பக்கம் பழையது இருக்கட்டுமே."
சோல்டரிங் முனையைப் பஞ்சில் துடைத்தார், சுர்ர் என்றது.
"இரண்டும் ஒரே குமிழில் குடித்தனம் நடத்தாது.
ஒன்று கத்தும், இன்னொன்று சாகும்.
போட்டால் ரெண்டும். இல்லையென்றால்
டீ குடித்துவிட்டுப் போ."

டீயும் குடித்தேன்.
ஒரு மாதச் சம்பளம் எண்ணி வைத்தேன்.

பேட்டரிக்கு இடம் வேண்டும் என்று
முதுகில் மரம் குடைந்தபோது மட்டும்
வெளியே போய் நின்றேன்.

அன்றிரவு பிளக்கைச் சொருகி, ஆம்பை ஏற்றி,
கையை எடுத்தேன்.
ஒன்றுமில்லை.
கரண்ட் போய்விட்டதோ என்று விளக்கைப் பார்த்தேன்.

மவுன் ஊர் மண்டபம், நாலாவது பாட்டு.
முந்தின நாள் ஒத்திகை முடிந்து
ஒயரைக் கழற்றாமல் தூங்கியிருக்கிறேன்.
ஒயர் இருக்கும்வரை அது தின்றுகொண்டே இருக்குமாம்.
கோடாலி நெளிந்தது.
கிழிந்த தகரமானது. பிறகு
கொட்டாவி.
முன்வரிசையில் ஆணிவார் கட்டிய ஒருவன்
தலையாட்டுவதை நிறுத்திவிட்டு
என்னைப் பார்த்தான், பரிவோடு.
அதைத்தான் தாங்க முடியவில்லை.

கோஃபாவோனே டிரம் ஸ்டூலைத் தூக்கி வந்து
அதன்மேல் ஏறினான்.
கூரையிலிருந்த புகை அலாரத்தைத் திறந்தான்.
அதே சதுரம், அதே ஒன்பது.
இரண்டு முனையையும் நாக்கில் வைத்தேன்.
சுருக்.
உயிர் இருக்கிறது.
மூடி திருக நேரமில்லை, டேப் ஒட்டி
விட்ட இடத்திலிருந்தே அடித்தேன்.
மண்டபம் தீப்பிடித்திருந்தால் அன்று
யாருக்கும் தெரிந்திருக்காது.

காலையில் திருப்பி மாட்டினோம்.
அலாரம் ஒருமுறை பீப் என்றது,
கணக்கு முடிந்ததுபோல்.

பழைய இரண்டும் இப்போது
காவல் கூண்டில், காபி டப்பாவில்.
லாரி வராத நேரம் மூடியைத் திறந்து பார்ப்பேன்.
பேட்டரியும் கேட்பதில்லை, எதுவும் கேட்பதில்லை.

பாட்டு முடிந்ததும் இன்னும்
கம்பிமேல் கை வைக்கிறேன்.
முன்பே அமைதியாக இருக்கிறது.