பிடித்துப்போன பேரிங்

ஆவாரம்பாளையத்தில் எங்கள் பட்டறைக்கு
வருகிற மோட்டார் எல்லாம் ஒரே புகாரோடு வரும்:
சுத்த மாட்டேங்குது.
எரிந்த காயிலைப் பிரித்துப்போட்டு
நான் புதுக் கம்பி சுற்றுவேன்.
நாச்சிமுத்து புல்லரை மாட்டி
பேரிங்கை உருவியெடுப்பான்.
திருப்புளி முனையை மோட்டார்மேல் வைத்து
பிடியைக் காதில் வைத்துக் கேட்பான்.
"உள்ள ஒரு குண்டு அழுவுதுங்" என்பான்.
நம்பாமல் தூக்கிப்போன அன்னூர்க்காரர்
மூன்றாம் நாளே திரும்பக் கொண்டுவந்தார்.

பிடித்துப்போச்சு என்றால்
எங்கள் பட்டறையில்
கெட்டுப்போச்சு என்று அர்த்தம்.

இப்படிப்பட்ட இடத்தில்தான்
நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றை
வேண்டுமென்றே கெடுத்தேன்.

கட்டைவிரல் நகத்தளவு பேரிங்,
என் யோயோவின் நடுவில் இருப்பது.
கீழே விட்டால் மூன்று நிமிடம் சுற்றும்.
அது அங்கே சுற்ற, நான் இங்கே
கேஸுக்குப் பதிந்தேனா இல்லையா என்று
யோசித்துக்கொண்டிருப்பேன்.
சுண்டினால் வராது.
கயிற்றை மடித்துக் கொடுத்து
தாஜா பண்ணினால்தான் மேலேறும்.
சலித்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை
மூடியைக் குண்டூசியால் நெம்பி,
பெட்ரோலில் அலசி எண்ணெய் போக்கி,
குண்டுகளுக்கு நடுவே
காயில் வார்னிஷைச் சொட்டுச் சொட்டாய் விட்டு
ஐந்து ஹெச்பி ஸ்டேட்டரோடு அடுப்பில் வைத்தேன்.
ராத்திரி முழுக்க வெந்தது.
காலையில் திருகிப் பார்த்தால்
வெளிவளையம், உள்வளையம், பத்துக் குண்டு,
எல்லாம் ஒரே இரும்பு.
பிடித்துப்போச்சு.

கயிற்றையும் மாற்றவேண்டியிருந்தது.
பாலியஸ்டர் என்றால் உரசலில் இளகி அறுந்துவிடும்.
சோமனூரில் தறி ஓட்டும் சித்தி மகள்
கோனடியில் மிஞ்சின பருத்தி நூல் தந்தாள்.
எட்டு இழை. ஒரு முனை கதவுக் கொக்கியில்,
மறுமுனை டிரில்லிங் மிஷின் வாயில்.
முறுக்கினது கொஞ்சம் அதிகம்தான்.

அப்புறம் விட்டேன்.

எட்டு எண்ணலாம், அவ்வளவுதான்.
ஒன்பதில் செத்துத் தொங்கும்.
ஏழில் சுண்டினால்
உள்ளங்கையில் வந்து அறையும்,
கருகின பருத்தி வாசத்தோடு.
அந்த ஏழு எண்ணுகிறவரை
கேஸ் இல்லை, சீட்டுப் பணம் இல்லை,
வீட்டுக்காரம்மா இல்லை.
ஏறி வருகிறதைப் பாதிக் கயிற்றில் நிறுத்தினால்
இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று
ஒரு கணம் மூச்சுப் பிடித்து நிற்கும்.
பிறகு எதிர்ச்சுற்றாக இறங்கும்.

இரண்டு வாரம் இப்படிப் போனது.

ஒரு திங்கட்கிழமை டிராயரைத் திறந்தால்
யோயோ துடைத்து வைத்திருக்கிறது.
"ஏனுங் சுகந்தி, பேரிங் புடிச்சுக் கெடந்துதுங்.
எத்தன நாளா அதோட மல்லுக்கட்டுனீங்களோ,
ஒரு வார்த்த சொல்லீருக்கலாமுல்ல?"
சனிக்கிழமை காட்டூர்வரை போய்
சொந்தக் காசில் புதுசு வாங்கி மாட்டியிருந்தான்.

என்னத்தைச் சொல்ல.
எல்லோர் முன்னாலும் விட்டேன்.
சுற்றியது.
டீ வந்தது.
நாச்சிமுத்து, விளையாட்டுக்கு இல்லை,
குனிந்து அதன் பக்கம் காதைக் கொடுத்தான்.
"அழுவையே இல்ல பாருங்."
டீ குடித்து முடித்தும் சுற்றிக்கொண்டிருந்தது.

பழசு எங்கே என்றேன்.
"அதுங்களா? ஸ்கிராப்புலதானுங்."

மத்தியானம் அவன் சாப்பிடப் போனதும்
வாளியைத் தரையில் கவிழ்த்தேன்.
ஆழ்குழாயில் ஆயிரம் அடிக்குக் கீழே
மண் தின்று இறுகினவை,
கிரைண்டரில் மாவு குடித்து இறுகினவை,
ஒன்றும் அசையவில்லை. எல்லாவற்றையும் திருகினேன்,
திருகத் தேவையில்லைதான்.
அடியில் கிடந்தது என்னுடையது,
வார்னிஷ் மஞ்சள் கசிந்து, துரும்பளவு.
துடைத்துச் சுடிதார் பையில் போட்டுக்கொண்டேன்.

புதுசை என்ன செய்வதென்று இன்னும் தெரியவில்லை.
காகிதத்தில் மடித்துப் பர்சில் இருக்கிறது.
வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்டுவிடுகிறான்,
"நல்லா சுத்துதுங்களா?"
சுத்துதுங் என்கிறேன்.

எட்டு எண்ணுகிறவரை அது பொய்யில்லை.